ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறீர்களா? ஊசி அட்டவணையைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

அண்ணனுக்கோ அக்காவுக்கோ ரத்தப் புற்றுநோய், எச்எல்ஏ என்ற திசுப் பொருத்தப் பரிசோதனையில் உங்களோடு பொருந்திவிட்டது, நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டீர்கள். அடுத்து ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாகப் போட்டு, எதிரே ஃபில்கிராஸ்டிம் என்றோ ஜிசிஎஸ்எஃப் என்றோ ஒரு மருந்தின் பெயர், ஒரு எண், ஒரு நேரம். கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை நடத்துகிற எனக்கு இந்தத் தாளைப் பார்த்துப் பழக்கம். வேலூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டு வருகிறவர்கள் மருந்துப் பெட்டியோடு கடைக்கு வந்து, "அண்ணா, இவ்வளவு மருந்து உடம்புக்கு ஆகுமா" என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்ணை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தை. இந்த ஊசியில் எத்தனை மைக்ரோகிராம் என்பதைக் கணக்குப் போட ஆள் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு ஊசி போட யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

நான் எழுதுவது உங்கள் தாளைப் புரிந்துகொள்வதற்காக. உங்கள் தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள்தான் சரி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த ஊசி என்ன செய்கிறது

ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. சாதாரண நாளில் ரத்தத்தில் ஓடுவது மிகக் கொஞ்சம், ஒரு மைக்ரோலிட்டருக்கு நாலைந்து கூட இருக்காது. அவற்றை வைத்து ஒரு நோயாளிக்கு மாற்றுச் சிகிச்சை செய்ய முடியாது. முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையையே உறிஞ்சி எடுத்தார்கள், இன்றும் சில நோய்களுக்கு அப்படித்தான். இப்போது பெரும்பாலும் செய்வது, மஜ்ஜையில் இருக்கும் செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிட்டு, கையில் ஊசி போட்டு மெஷின் வழியாக அவற்றை மட்டும் பிரித்தெடுப்பது.

இறக்கிவிடும் வேலையைத்தான் ஃபில்கிராஸ்டிம் செய்கிறது. நம் உடம்பிலேயே வெள்ளையணுக்களைப் பெருக்குவதற்கு ஜிசிஎஸ்எஃப் என்று ஒரு புரதம் சுரக்கிறது, அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்ததுதான் இந்த மருந்து. அமெரிக்காவில் 1991-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் கிராஃபீல், நியூகைன் போன்ற பெயர்களில் இங்கேயே தயாராகி வருகிறது. இந்த ஊசி போட்டால் மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் பெருகும். அவை வெளிவிடும் நொதிகள், ஸ்டெம் செல்களை அங்கே பிடித்து வைத்திருக்கும் புரதப் பிணைப்புகளை அறுத்துவிடும். பிடி விட்ட செல்கள் ரத்தத்தில் இறங்கும். இது ஒரே நாளில் நடக்காது. வெள்ளையணு எண்ணிக்கை சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கிவிடும், ஆனால் ஸ்டெம் செல் ஏற்றம் மூன்று நான்கு நாள் ஆன பிறகுதான் தெரியும். ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம். அதற்குப் பிறகு ஊசியைத் தொடர்ந்து போட்டாலும் இறங்கிவிடும். அதனால்தான் அட்டவணை எல்லாம் ஐந்தாம் நாளைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

தினமும் போட வேண்டியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த மருந்தில் பாதி ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டுவது கூடாது.

பின்னோக்கி எண்ணுவது எப்படி

தாளை மேலிருந்து கீழாகப் படிக்காமல், முதலில் சேகரிப்பு நாளைக் கண்டுபிடியுங்கள். அதுதான் ஐந்தாம் நாள். வியாழக்கிழமை சேகரிப்பு என்று வைத்துக்கொண்டால் புதன் நான்காவது ஊசி, செவ்வாய் மூன்றாவது, திங்கள் இரண்டாவது, ஞாயிறு முதல் ஊசி. ஐந்தாவது ஊசி வியாழன் விடியற்காலை, மெஷினில் படுப்பதற்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது முன்பு. வியாழன் எடுத்தது போதவில்லை என்றால் வெள்ளி இன்னொரு முறை, அதற்கு இன்னொரு ஊசி. ஆக, உங்கள் லீவு ஞாயிறிலிருந்து வெள்ளி வரை, பிறகு ஓய்வுக்குச் சில நாள். சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர் "வியாழன் ஒருநாள் லீவு போதும்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கிற கதை.

இன்னும் பின்னால் போங்கள். உங்கள் முதல் ஊசிக்கு முன்போ அதே நாட்களிலோ நோயாளிக்குக் கடுமையான கீமோ தொடங்கியிருக்கும், சிலருக்குக் கதிர்வீச்சும். அவருடைய சொந்த மஜ்ஜையை ஒழித்துவிடுவதற்கான மருந்து அது. அது உள்ளே போன பிறகு உங்கள் செல் வராவிட்டால் அவருக்குத் திரும்பி வர வழி கிடையாது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம், அது உங்கள் உரிமை, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மறுப்பதாக இருந்தால் அந்தக் கீமோ தொடங்குவதற்கு முன்னால் மறுத்துவிடுங்கள். நம் ஊர்ப் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமனார், பெரியப்பா, தாய்மாமன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு "கண்ணு, நீதான் கொடுக்கணும்" என்று சொல்லும்போது பயமாக இருக்கிறது என்று ஒரு பெண்ணால் வாய் திறக்க முடியாது. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல ஆஸ்பத்திரிகள் அவர்களாகவே தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்ற அளவோடு குடும்பத்திடம் சொல்ல முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

சில இடங்களில் செல்களை முன்கூட்டியே எடுத்து உறைய வைத்துவிட்டு, பிறகு நோயாளிக்குக் கீமோ தொடங்குவார்கள். கொரோனா காலத்தில் இது பரவலானது. அப்படியென்றால் உங்களுக்கு நெருக்கடி குறைவு. எந்த முறை என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

அளவு: உங்கள் எடை, அவருடைய எடை

ஆரோக்கியமான கொடையாளிக்கு உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கும் அளவு ஒரு நாளைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், தோலுக்கு அடியில் ஊசி. 60 கிலோ என்றால் 600 மைக்ரோகிராம். மருந்து 300 மைக்ரோகிராம் அளவில் வருவதால் அது இரண்டு குப்பி. 52 கிலோ இருப்பவருக்குக் கணக்கு 520 வரும், அதைக் குப்பி அளவுக்கு ஏற்றபடி ஆஸ்பத்திரி கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ எழுதும். அதனால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் உங்களுக்கும் ஒரே எடை இருந்து அளவு வேறாக இருந்தால் பதறாதீர்கள். எடை மிக அதிகமாக இருப்பவர்களுக்கு முழு எடைக்கும் கணக்குப் போடாமல் குறைத்தும் எழுதுவார்கள்.

மருந்து உங்கள் எடைக்கு. ஆனால் எவ்வளவு செல் எடுக்க வேண்டும் என்பது நோயாளியின் எடைக்கு. இது பலருக்குப் புரியாத இடம். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 40 முதல் 50 லட்சம் சிடி34 செல்கள் கிடைத்தால் நல்லது, 20 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் பொதுவான அளவுகோல். சிடி34 என்பது ஸ்டெம் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளப் புரதம், அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். 70 கிலோ அண்ணனுக்குக் கிலோவுக்கு 50 லட்சம் என்றால் 35 கோடி செல். 45 கிலோ தங்கை அதை ஒரே நாளில் கொடுக்க முடியாமல் போகலாம். அப்படி இரண்டாம் நாளும் படுக்கச் சொன்னால் அது உங்கள் உடம்பின் குறை கிடையாது, வெறும் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பா கொடுக்கிறார் என்றால் நேர்மாறாக, ஒரே நாளில் தாராளமாகக் கிடைத்துவிடும்.

வேறு அட்டவணைகளும் உண்டு

காலையில் கிலோவுக்கு 5, மாலையில் 5 என்று இரண்டாகப் பிரித்துப் போடும் இடங்கள் இருக்கின்றன. பிரித்துப் போட்டால் செல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு குத்து, இரண்டு முறை ஊசி போட ஆள் தேட வேண்டும். ஊரிலிருந்தே போட்டுக்கொள்வதாக இருந்தால் ஒரே வேளை அட்டவணைதான் சுலபம் என்பது என் எண்ணம், ஆனால் முடிவு அவர்களுடையது. அளவை 16, 24 என்று ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள், செல் கூடும், கூடவே வலியும் கூடும். அதனால் ஆரோக்கியமானவர்களுக்கு 10 என்பதே நிலைத்துவிட்டது. லெனோகிராஸ்டிம் என்ற மருந்தும் இதே குடும்பம், அதே 10 கணக்கு. ஒரே ஊசியில் பல நாள் நிற்கும் பெக்ஃபில்கிராஸ்டிம் கீமோ எடுக்கும் நோயாளிகளுக்கு நிறையப் பயன்படுகிறது, கொடையாளிகளுக்கு வழக்கமாகத் தருவதில்லை.

இன்னொரு பெயர் காதில் விழலாம்: பிளெரிக்ஸஃபோர். இது வேறு வகை. மஜ்ஜையில் ஸ்டெம் செல்லைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியில் ஒன்றை நேரடியாகக் கழற்றிவிடும், அதனால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம், மணிக்கணக்கில் வேலை செய்யும். கிலோவுக்கு 0.24 மில்லிகிராம், சேகரிப்புக்கு ஏறக்குறைய 11 மணி நேரம் முன்பு, அதாவது முந்தின நாள் இரவு. 2008-ல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, தங்கள் செல்லையே தாங்கள் வாங்கிக்கொள்ளும் மைலோமா, லிம்ஃபோமா என்ற புற்றுநோய்கள் வந்த நோயாளிகளுக்காக. ஆரோக்கியமான கொடையாளிக்கு இது முதல் மருந்து இல்லை. ஐந்தாம் நாள் ரத்தத்தில் சிடி34 எண்ணிக்கை ஏறவே இல்லை என்றால், டாக்டர் யோசித்து, உங்களிடம் சொல்லி, உங்கள் ஒப்புதலோடு சேர்ப்பார். விலையும் அதிகம். யார் கட்ட வேண்டும் என்பதை அப்போதே பேசிவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நோயாளிக்குப் பணம் வருகிறது என்றால், கொடையாளியின் ஊசிச் செலவும் அதற்குள் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊசிக்கு முன்னால் சொல்ல வேண்டியவை

ரத்தப் பரிசோதனை நிறைய எடுப்பார்கள்: எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ், கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள். இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை, கர்ப்பமாக இருந்தால் இந்த ஊசி கிடையாது. பால் கொடுப்பவர்கள் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள், நான் நிற்க விரும்புவது ஒரே ஓர் இடத்தில்தான்.

ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கும் பரிசோதனை. அரிவாளணு நோய், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் இருப்பவருக்கு ஜிசிஎஸ்எஃப் போட்டால் உயிருக்கே ஆபத்தான நெருக்கடி வரலாம், உலகில் அப்படி இறந்தும் இருக்கிறார்கள். மலைப்பகுதி மக்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது, சிலருக்கு லேசாக இருந்து கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கலாம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, எந்த ஊராக இருந்தாலும், வீட்டில் யாருக்காவது அடிக்கடி கைகால் மூட்டு வலி, மஞ்சள் காமாலை, ரத்தம் ஏற்றிய வரலாறு இருந்தால் சொல்லுங்கள். தலசீமியா கேரியராக மட்டும் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை.

அதோடு மூட்டுவாதம், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள், கண்ணில் அழற்சி வந்த வரலாறு, காலில் ரத்தக்கட்டு, நெஞ்சுவலி, இவற்றில் எது இருந்திருந்தாலும் மறைக்காதீர்கள். "சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ, தம்பி என்ன ஆவான்" என்று மறைத்தவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அரைப் பொருத்தத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று வேறு ஆள் பார்க்க இன்று வழி இருக்கிறது. அதோடு நம் பக்கம் சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகம் என்பதால் அத்தை மகன், மாமன் மகள் என்று சுற்றத்தில் முழுப் பொருத்தமே கிடைப்பதும் உண்டு. உடன்பிறந்த ஒருவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், ஆனால் தேடல் அங்கேயே முடிந்துவிடாது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளிப் பதிவேடுகளிலும் தேடலாம்.

நோயாளிக்கு தலசீமியாவோ மஜ்ஜை செயலிழப்போ என்றால், ஊசி போடாமல் இடுப்பெலும்பு மஜ்ஜையே வேண்டும் என்று டாக்டர் கேட்கக்கூடும். ரத்தத்திலிருந்து எடுக்கும் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் நாள்பட்ட எதிர்வினை வருவது கூடுதல் என்பது காரணம். "இடுப்பில் எடுத்தால் கால் விளங்காது" என்று சொல்பவர்களிடம் மஜ்ஜைக்கும் தண்டுவடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லுங்கள்.

மருந்தை எடுத்துவருவதும் போடுவதும்

முதலில் கேட்க வேண்டியது: ஐந்து நாளும் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே தங்க வேண்டுமா, ஊரில் போட்டுக்கொண்டு கடைசியில் வரலாமா. தங்க முடிந்தால் தங்கிவிடுங்கள். பக்கவிளைவு வந்தால் பக்கத்திலேயே பார்த்துவிடலாம், பஸ் தாமதம், பாலத்தில் ட்ராஃபிக் எதுவும் இல்லை. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், ஆனால் காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். வேலூர் சிஎம்சி என்றால் ஊருக்குள் இருக்கும் பழைய வளாகமா, ராணிப்பேட்டை வளாகமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஆம்பூர் தாண்டி வருகிறவர் தவறான வாசலில் இறங்கிவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஊரில் போடுவதாக இருந்தால் குளிர்ச்சிதான் பெரிய வேலை. 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும், கதவில் வேண்டாம், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்துபோன மருந்து உருகியதும் பார்க்கப் பழையபடி இருக்கும், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பலர் வேலூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுக்கு மேலேயே குப்பியை வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால் லேபிள் நனைந்து உரிந்து, குப்பி ஐஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பியை அதன் அட்டைப் பெட்டியோடு ஒரு துணியில் சுற்றி, ஐஸ் பாக்கெட் நேராகப் படாமல் வையுங்கள். பெட்டியை பஸ் டிக்கியில் போடாமல் மடியில் வையுங்கள். குலுக்கக் கூடாது, வெயில் படக்கூடாது. வீட்டில் அடிக்கடி கரண்ட் போகிறது என்றால் பக்கத்து மருந்துக்கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வைக்க முடியுமா என்று கேளுங்கள், மருந்துக்கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டோம், உங்கள் பெயரையும் தேதியையும் பெட்டி மேல் எழுதிக் கொடுங்கள், போதும்.

போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று போட்டால் எரியும். வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். இரண்டு குப்பி அளவு என்றால் இரண்டு இடத்தில் குத்துவது வழக்கம். மக்களைத் தேடி மருத்துவம் என்று பிபி, சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் "இதையும் போட்டுவிடுங்கள்" என்று கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதம், இரண்டும் வேண்டும். அந்தக் கடிதத்தில் "ஆரோக்கியமான கொடையாளி, ஸ்டெம் செல் சேகரிப்புக்காக" என்று தெளிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊர் டாக்டர் உங்களுக்குக் கேன்சர் என்று நினைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

போட்டதும் தேதி, மணி, குப்பியின் பேட்ச் எண், போட்ட இடம், போட்டவர் கையெழுத்து, ஐந்தும் ஒரே தாளில். குப்பி லேபிளைக் கிழித்து அதே தாளில் ஒட்டிவிடுங்கள். ஊசி விட்டுப்போனாலோ, பாதிதான் உள்ளே போனது என்ற சந்தேகம் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரியின் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளருக்கு போன். இரவு 10 மணியாக இருந்தாலும் போன். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அவர்கள் மறுநாள் நேரத்தை மாற்றிக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

உடம்பு என்ன சொல்லும்

எலும்பு வலி வரும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது வரும். இடுப்பு, கீழ்முதுகு, நெஞ்செலும்பு. இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து ஏறி, சேகரிப்பு முடிந்த இரண்டு மூன்று நாளில் போய்விடும். தலைவலி, அசதி, தூக்கமின்மை, கொஞ்சம் குமட்டலும் உண்டு. பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில். இங்கே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: வலி என்றதும் பக்கத்து கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டால் போய்விடும்" என்று டைக்ளோஃபெனாக் போட்டுவிடுவார்கள். அதுவும் ஆஸ்பிரினும் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், மெஷினில் படுத்த பிறகு தட்டணு இன்னும் இறங்கும். உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் பாராசிட்டமாலைத் தவிர எதையும் வாயில் போடாதீர்கள், நாட்டு மருந்தும் சேர்த்துத்தான்.

இடையில் ஊர் லேபில் ரத்தம் பார்த்தால் வெள்ளையணு 30,000, 40,000, சிலருக்கு 50,000-க்கு மேலும் காட்டும். சாதாரணமாக 11,000-க்குள் இருக்க வேண்டியது. லேபுக்காரர் பதறிப்போய் ரத்தப் புற்றுநோய் என்று போன் செய்தாலும் செய்வார். அது மருந்தின் வேலை. 70,000-ஐத் தாண்டினால் மட்டும் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். ஆகவே அந்த ரிப்போர்ட்டை வாட்சப்பில் உறவினர் குழுவுக்கு அனுப்பாமல் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள்.

மண்ணீரல் கொஞ்சம் வீங்கும். எல்லாருக்கும் ஓரளவு வீங்கும், தானாகவே சுருங்கிவிடும். கிழிவது மிக மிக அரிது, ஆனால் கிழிந்தால் பெரிய ஆபத்து. அதனால் ஊசி தொடங்கியதிலிருந்து சேகரிப்புக்குப் பிறகு டாக்டர் சொல்லும்வரை வயிற்றில் இடிபடும் எதுவும் வேண்டாம். கபடி வேண்டாம். தை மாதம் என்றால் எருது விடும் விழாப் பக்கமே போகாதீர்கள், கூட்டத்தில் மாடு புகுந்தால் எங்கே இடிக்கும் என்று சொல்ல முடியாது. மாங்காய் சீசனில் கிரேட் தூக்குவது, மண்டியில் மூட்டை ஏற்றுவது, டிராக்டரில் குலுங்கிக்கொண்டு போவது எல்லாம் அதுவரை நிறுத்தம்.

இடது விலாவுக்குக் கீழே திடீரென்று வலி, அல்லது காரணமே இல்லாமல் இடது தோள்பட்டை முனையில் வலி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குதல், முகமோ கையோ வீங்குதல்: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, அவசரப் பிரிவில் "ஸ்டெம் செல் கொடுப்பதற்காக ஜிசிஎஸ்எஃப் போட்டிருக்கிறார்கள், மண்ணீரலைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கூட வருகிறவரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

பின்னாளில் எனக்கும் ரத்தப் புற்றுநோய் வந்துவிடுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐரோப்பிய மாற்று சிகிச்சை மையங்கள் 1993 முதல் 2005 வரை நடந்த 51,024 கொடைகளைத் திரும்பிப் பார்த்தபோது, கொடையாளிகளுக்கு அப்படி வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. அதே கணக்கில் மஜ்ஜைக் கொடை, ரத்தவழிக் கொடை இரண்டும் சேர்த்து ஐந்து கொடையாளிகள் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. முன்பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

சேகரிப்பு நாள்

காலையில் லேசாகச் சாப்பிடுங்கள், இட்லி போதும். முந்தின நாள் இரவு பிரியாணி, காலையில் போண்டா என்றால் ரத்தத்தில் கொழுப்பு மிதந்து மெஷின் பிரிக்கும்போது தொந்தரவு. தண்ணீர் முந்தின நாளே நன்றாகக் குடித்து, படுப்பதற்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், ஏனென்றால் நாலைந்து மணி நேரம் இரண்டு கையிலும் ஊசியோடு அசையாமல் இருக்க வேண்டும். முழங்கையை மடக்க முடியாது. மூக்கில் அரிப்பு வந்தால் கூட வந்தவர்தான் சொறிந்துவிட வேண்டும், ஆகவே பிடித்த ஆளைக் கூட்டிப் போங்கள். நரம்பு கிடைக்காதவர்களுக்குக் கழுத்திலோ தொடையிலோ குழாய் போட வேண்டியிருக்கும், அதை முன்பரிசோதனையிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

காலையில் ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ரத்தம் எடுத்து சிடி34 எண்ணுவார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 20-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 10-க்குக் கீழே என்றால் பேச வேண்டியிருக்கும்.

மெஷின் உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்ப்பார்கள், அது உங்கள் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் ஊறுவது போல, மின்சாரம் தொட்டது போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல், தொடங்கிய உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார்கள், கால்சியம் மாத்திரையோ டிரிப்போ கொடுப்பார்கள். "தினமும் களி சாப்பிடுகிறவன், எனக்குக் கால்சியம் குறையாது" என்று ஒருவர் சொன்னாராம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மைதான், ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் மெஷின் பிடித்துக்கொள்வதற்கு நேற்றுத் தின்ற களி உதவாது.

முடிந்த பிறகு

அன்றே வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். தட்டணு பாதி அளவுக்குக்கூடக் குறைந்திருக்கலாம், ஒன்றிரண்டு வாரத்தில் ஏறிவிடும். அதுவரை ஆஸ்பிரின் வேண்டாம், பல் பிடுங்குவது வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் நீலம் பாய்ந்திருந்தால் பயமில்லை. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் போன். ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, அதன்பின் வருடத்துக்கொருமுறை கூப்பிட்டு விசாரிப்பார்கள். முதல் இரண்டை கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், ஏற்றுக்கொண்டால் பஸ் செலவு மிச்சம். அந்தச் சீட்டையும் ஊசித் தாளையும் ஃபோட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள், சில மாதம் கழித்து நோயாளிக்கு இன்னும் கொஞ்சம் செல் தேவைப்பட்டு உங்களையே திரும்பக் கூப்பிட்டால், முதல் முறை எத்தனை ஊசியில் எவ்வளவு வந்தது என்பதைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.